இடது கன்னத்து நிழல்

லிஃப்ட்காரரின் முகம் ஒரு பக்கமாக இறங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தது டாக்டர் இல்லை. கூடவே வாழ்ந்த மனைவியும் இல்லை. படங்களுக்கு ஃபிரேம் போடுகிற கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுகிற, கேமராவும் கையுமான ஐந்தாறு பேர்தான் பார்த்தார்கள். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அவர்கள் எதிரில் இருந்தது மனிதர் இல்லை, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட ஒரு படம். அதனால் அதை நோய் என்று சொல்லவில்லை, படத்தின் குறை என்று சொன்னார்கள். அவர் மனைவியும் குறை என்றே எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் அதைத் திருத்தினாள்.

அந்த மாடியில் அவளுக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வந்தவர் முகத்தில் ஃபிரேமை மாட்டி, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து, கோணலாக உட்கார்ந்தால் காதில் மாட்டும் அதன் கையைச் சூடுகாட்டி வளைத்துச் சரிசெய்வது அவள் பொறுப்பு. எந்த மனிதருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை என்பது அவளுக்கு அத்துப்படி. யாராவது, “என்னம்மா, கண்ணாடி கோணலா இருக்கு?” என்று குறைப்பட்டால், “கண்ணாடி நேராத்தாங்க இருக்கு, உங்களைச் செஞ்சவர்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்” என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவர் சிரித்து முடிப்பதற்குள் கையை வளைத்து முடித்திருப்பாள்.

படம் எடுக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் தன் பழைய கேமரா சும்மா கிடக்கிறது என்று சொல்ல, அதை வாங்கிக்கொண்டாள். கூட வந்த சின்னப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஸ்டுடியோ விளக்குகள் மேல் அவளுக்கு ஆசை வரவில்லை. நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே முகம் பார்க்கிறவளுக்கு, அதே முகம் வெளியே போய் வெயிலிலும் மேகத்திலும் நின்றால் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் ஆசை.

முகத்துக்கு அலைய வேண்டியதில்லை. வீட்டிலேயே ஒன்று இருந்தது.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவரை லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். விடுமுறை நாளில் அவரை வெளியே கூட்டிப்போய் எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பார். “பெட்டிக்குள்ள பாதி ஆயுசு நின்னவன் நான். மரத்தடியில நிக்க மாட்டேனா?” என்பார். “மோவாயைத் தூக்குங்க” என்றால், “எத்தனாவது மாடி?” என்று கேட்பார். “கொஞ்சம் கீழ” என்றால், “தரைத்தளமா, பார்க்கிங்கா?” இப்படியே போகும்.

வேலையிலிருந்து வந்ததும் அன்றைக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதையைச் சொல்வார். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் பேசாமல் முறைத்துக்கொண்டிருந்த மாமியாரும் மருமகளும் வெளியே வரும்போது சமாதானமாகி வந்த கதை. மாட்டிக்கொண்ட மேலதிகாரியிடம் கதவு இடுக்கு வழியாகவே லீவுக்குக் கையெழுத்து வாங்கிய கடைநிலை ஊழியரின் கதை. கதை முடியப்போகிற இடத்தில் அவர் முகத்தில் ஒன்று நடக்கும். இரண்டு கன்னமும் ஒன்றாக ஏறும், கண்கள் சுருங்கும், சத்தம் இன்னும் வந்திருக்காது. சிரிப்பு வாசலில் வந்து நிற்கிற அந்த ஒரு நொடி. கண்ணாடிக்கு அந்த நொடிதான் வேண்டியிருந்தது. அதை ஒரே ஒரு படத்தில் பிடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். சமையலறையில் தினமும் நடந்தது. வெளியே கூட்டிப்போய் நிறுத்தினால் வரவில்லை. படம் எடுக்கிறவர் எல்லோருக்கும் இருக்கிற தலையெழுத்துதான் இது.

ஃபிரேம் கடை மாடிக்கு அவள் போனது அதற்காகத்தான். கடைக்காரருக்கு அங்கே ‘கத்தரி’ என்று பெயர். எந்தப் படத்தைக் காட்டினாலும் முதலில், “இங்க வெட்டும்மா” என்பார். அவருக்கும் முன்னால் யாரோ ஆரம்பித்த கூட்டம் அது. அதில் ஒரு சட்டம் இருந்தது. படத்தைத் தொங்கவிட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் போதவில்லை, பின்னால் லாரி வந்துவிட்டது, பிள்ளை அழுதது என்று எந்தச் சமாதானமும் கூடாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு சொல் சொல்லலாம்: “பாக்குறேன்.” அவ்வளவுதான்.

“படத்துக்கு வக்கீல் கிடையாது” என்பார் கத்தரி. “நீங்க ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் படத்துக்குப் பக்கத்துல நின்னு வாதாடுவீங்களா?”

எழுதாத சட்டம் இன்னொன்றும் இருந்தது. “நல்லா இருக்கு” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “அதைச் சொல்றதுக்குத்தான் வீட்ல சொந்தக்காரங்க இருக்காங்களே, இங்க எதுக்கு மாடி ஏறி வர்றீங்க?” என்று கேட்பார்கள். தப்பித் தவறி ஒரு படத்துக்கு “நல்லா இருக்கு” என்று சொன்னால், அதில் பேச ஒன்றுமில்லை, எடுத்து மடித்து வை என்று அர்த்தம்.

அவள் கொண்டுபோன முதல் படத்தில் கணவர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்றார். கத்தரி படத்துக்கு நேரே போய் நின்று கேட்டார்: “வீட்டுக்காரருக்குத் தலையில ஆன்டெனாவா?”

பின்னால் இருந்த விளக்குக் கம்பம் உச்சந்தலையிலிருந்து முளைத்த மாதிரி நின்றது. எடுக்கும்போது அவள் கண்ணில் அது படவே இல்லை. முகத்தை மட்டும் பார்த்திருந்தாள். மாடி முழுக்கச் சிரித்தது. “பாக்குறேன்” என்றாள், காது சிவந்து.

வீட்டில் சொன்னபோது கணவர் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அதான் அன்னிக்கு சிக்னல் நல்லா வந்துச்சா!”

அதற்குப் பிறகு ஒரு தப்பை அவள் இரண்டாம் முறை செய்ததில்லை. கழுத்துக்குக் குறுக்கே பின்சுவரின் கோடு ஓடினால் தலையைத் துண்டித்த மாதிரி இருக்கும் என்றார்கள், குனிந்து எடுத்தாள். இலை வழியாக விழும் வெயில் முகத்தில் தேமல் மாதிரி இருக்கிறது என்றார்கள். முழு நிழலைத் தேடிப்போனாள். கண்ணில் வெளிச்சப் புள்ளி இல்லை, கண் செத்திருக்கிறது என்றார்கள். வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டைக்குக் கைப்பிடி செய்து, அதைக் கணவரையே இடுப்பளவில் பிடித்துக்கொள்ள வைத்தாள். “மாடலும் நானே, கூலியாளும் நானே” என்று அவர் முனகினார். கண்ணில் புள்ளி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் “பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு வந்து, பார்த்தாள். சொன்னதைச் செய்கிறவள் என்று மாடியில் அவளுக்கு மரியாதை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் எடுத்த படத்தைத் தொங்கவிட்டாள். மேகம் போட்ட காலை, பின்னணி கரைந்து பச்சையாக நின்றது, கண்ணில் புள்ளி இருந்தது. இந்தத் தடவை என்ன சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கத்தரி கொஞ்ச நேரம் பார்த்தார். “வலது பக்கம்தான் சிரிக்கிறார். இடது பக்கத்துக்கு இன்னிக்கு லீவா?”

சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். சொன்ன பிறகு பார்த்தால் உண்மைதான், உதட்டின் இடது ஓரம் ஏறவே இல்லை. “பாக்குறேன்.”

வீட்டில் அவர் முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தார். “ஆமா. ஒண்ணு மூணாவது மாடிக்குப் போகுது, இன்னொண்ணு ரெண்டுலயே நின்னுடுது. கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். வயசாகுதுல்ல? பாத்துக்கலாம்.”

அடுத்த வாரம் மறுபடியும் கால்வாய்க் கரை.

“என்னங்க, இடது பக்கமும் கொஞ்சம் சிரிங்க.”

“சிரிச்சுட்டுத்தானே இருக்கேன்.”

“இல்லைங்க, இடது பக்கம்.”

“உன் இடதா, என் இடதா?”

“உங்க இடதுதான்.”

“எனக்குத் தெரிஞ்ச இடது எல்லாம் சிரிக்குது. தெரியாத இடது ஏதாவது இருந்தா நீயே வந்து சிரிக்க வை.” சொல்லிவிட்டு அவர் ஆள்காட்டி விரலால் உதட்டின் இடது ஓரத்தை மேலே தூக்கிப் பிடித்தார். “ஏறிடுச்சா?”

சிரிப்பில் கேமரா ஆடியது. அப்படியே ஒன்றை எடுத்துவைத்தாள். மாடிக்குக் கொண்டுபோகிற படம் இல்லை, வீட்டுக்கு.

மாடியில் குறை சொல்வது தொடர்ந்தது. இடது கண் சின்னதாகத் தெரிகிறது. இடது பக்கம் நெற்றியில் சுருக்கமே இல்லை, ஒரு பக்கம் கிழவர், ஒரு பக்கம் குமரன். இது கத்தரி சொன்னது. கன்னம் தொங்குகிறது, உற்சாகமாக இருக்கச் சொல்லுங்கள் என்று இன்னொருவர். எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றையும் அவள் சரியாகக் கேட்டுக்கொண்டாள். ஆனால் எந்த முகம்தான் இரண்டு பக்கமும் சமம்? தினமும் அதைச் சொல்லித்தானே கடையில் வேலை பார்த்தாள்.

கடைசியில் வழி சொன்னது டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்றுக்கொடுக்கிறவர், யார் மனமும் நோகாமல் பேசுகிறவர். “எதுக்கும்மா அந்தப் பக்கத்தோட மல்லுக்கட்டுறீங்க? வலது பக்கத்தை வெளிச்சத்துக்குக் குடுங்க, இடது பக்கத்தை மரத்துப் பக்கம் திருப்பிடுங்க. நிழல்ல போயிட்டா யாரு கண்ணுக்குத் தெரியப்போகுது? முகத்துக்கும் ஒரு ஆழம் வந்துடும்.”

“பாக்குறேன்” என்றாள்.

வந்தது. கிடங்குச் சுவருக்குப் பக்கத்தில், சாயங்கால வெளிச்சத்தில், இடது கன்னம் நிழலில் கரைய, வலது கண் மட்டும் ஒரு புள்ளியோடு பார்க்க, அவள் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். மாடியில் தொங்கவிட்டாள். கத்தரி எழுந்து போய், இந்த ஓரம் அந்த ஓரம் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். “வெட்ட ஒண்ணும் இல்லைம்மா.”

அதற்கு மேல் அந்த மாடியில் பாராட்டு கிடையாது. அன்றைக்கும் சட்டப்படி அவள் “பாக்குறேன்” என்றுதான் சொன்னாள்.

நூலகத்துக் கூடத்தில் நடந்த கண்காட்சிக்கு அந்தப் படம் போனது. தேய்த்த சட்டையோடு லிஃப்ட்காரர் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களிடம், “நேர்ல இவ்வளவு இல்லைங்க, எல்லாம் வீட்டுக்காரம்மா கைவண்ணம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கையில் டீ இருந்தது. இன்னொரு கையில் கைக்குட்டை வைத்திருந்தார். குடிக்கும்போதெல்லாம் வாயின் இடது ஓரத்தில் ஒற்றிக்கொண்டார். அவளும் பார்த்தாள். டீ சூடு என்று நினைத்தாள்.

அந்த நாட்களில் ஒரு காலை, “கண்ணாடி இடது பக்கம் தூக்கி நிக்கிற மாதிரி இருக்கு, பாரேன்” என்று தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொடுத்தார். அவள் அவருக்கு மாட்டிப் பார்த்தாள். கோணலாகத்தான் தெரிந்தது. கையைச் சூடுகாட்டி, அளவாக வளைத்து, மறுபடி மாட்டினாள். நேராகிவிட்டது. கண்ணாடி ஏறியிருக்கவில்லை, புருவம்தான் இறங்கியிருந்தது. அவள் கை அதைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

*

லிஃப்ட்காரரின் அக்கா வெளியூரில் இருந்தார். அக்காவும் தம்பியும் போனில்தான் பேசிக்கொள்வார்கள். நேரில் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கண்காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு, படத்தைப் பார்க்கவே கிளம்பி வந்தார்.

கதவைத் திறந்தவர் தம்பி. அக்கா பையைக் கீழே வைக்கவில்லை.

“டேய். என்னடா இது மூஞ்சி?”

“ஏன்? வந்ததும் வராததுமா திட்டுறே?”

“ஒரு பக்கம் அப்படியே இறங்கிக் கிடக்கு. வாயி கோணிப் போயிருக்கு. எப்ப இருந்துடா?” அவர் தம்பியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். அந்த வீட்டில் வெகுநாளாக யாரும் அவரை வெளிச்சத்துப் பக்கம் திருப்பியிருக்கவில்லை. அக்காவின் கட்டைவிரல் காதுக்குக் கீழே எதிலோ இடறி நின்றது. “இதென்னடா, கல்லு மாதிரி?”

கண்ணாடி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நாத்தனார் திரும்பி அவளைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தக் கேள்வியில். புரியாமல்தான் கேட்டார்.

“நீ பாக்கலையாம்மா?”

அவள் வந்து, நாத்தனாரின் விரல் நின்ற இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரி. டாக்டர் முகத்தைப் பார்த்து, கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். இடது கண் முழுதாக மூடவில்லை. ஊதச் சொன்னார். காற்று ஓரமாக ஓடியது. காதுக்குக் கீழே இருந்த கட்டி, முகத்துக்குப் போகிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்திருக்கிறது என்றார்.

“ஒரே நாள்ல இறங்கியிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பீங்க. மெதுவா இறங்குறதுதான் ஆபத்து. வீட்ல இருக்கிறவங்க கண்ணுக்குப் பழகிடும்” என்றார். “எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா நல்லது. இந்த ஒரு வருஷத்துல எடுத்த படம் ஏதாவது இருக்கா? கல்யாணம் காட்சின்னு எங்கயாவது எடுத்திருப்பீங்களே?”

லிஃப்ட்காரர் பாதி முகத்தால் சிரித்தார். “படமா? நல்ல ஆளைப் பாத்துக் கேட்டீங்க டாக்டர்.”

மறுநாள் அவள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் மேஜையில் படங்களைப் பரப்பினார்கள். மாடியில் குறை சொன்னவற்றை அவள் அப்போதே கிழித்துப்போட்டிருந்தாள், மிஞ்சியவை எல்லாம் நேர்த்தியான படங்கள். கிடங்குச் சுவர், நூலகத்துத் தூண், ரயில் பாலத்துப் படிக்கட்டு, பூங்கா. டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் காட்டிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், கீழே வைத்தார்.

“எல்லாத்துலயும் இந்தப் பக்கம் இருட்டா இருக்கே. இடது பக்கம் தெரியற மாதிரி ஒண்ணும் இல்லையா?”

“இல்லை” என்றாள். பிறகு, “நான்தான்…” என்று ஆரம்பித்தாள். சட்டம் ஞாபகம் வந்த மாதிரி நிறுத்திக்கொண்டாள். படத்துக்கு வக்கீல் கிடையாது.

பெட்டியின் அடியில், மாடிக்குக் கொண்டுபோகாமல் ஒதுக்கிய படங்கள் ஒரு உறையில் இருந்தன. அதிலிருந்து டாக்டர் ஒன்றை எடுத்தார். கால்வாய்க் கரை. மேகம் போட்ட காலை. லிஃப்ட்காரர் ஆள்காட்டி விரலால் உதட்டின் இடது ஓரத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது எப்ப எடுத்தது?”

சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். படத்தை மெதுவாகத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டியை எடுத்தார்கள். அது இருந்த இடத்தில் மட்டும் இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்தே இருந்த ஒரு மத்தியானம், அவர் குழறலாகப் பேசினார். உதடு சேராததால் ‘ப’வும் ‘ம’வும் வரவில்லை. அவளுக்குப் புரிந்தது.

“எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. டீ ஒழுகுச்சுல்ல.”

“ஏங்க சொல்லலை?”

“சொன்னா ஆஸ்பத்திரி, அது இதுன்னு இழுத்துக்கிட்டே போவும். ஞாயித்துக்கிழமை உன் படத்துக்கு யாரு நிப்பா?” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “சும்மா சொன்னேன். கேபிள்னுதான் நானும் நினைச்சேன். லிஃப்ட்காரன் புத்தி.”

எது சும்மா, எது நிஜம் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசிவரை முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலை அவராகவே செருப்பைத் தேடினார். “கேமராவை எடு” என்றார். அவள் வேண்டாம் என்றாள். அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். தூரம் போக முடியவில்லை. பஸ் நிறுத்தம் வரைதான். மேகம் போட்டிருந்தது. வழக்கம்போல் அவள் அவரை மரத்துப் பக்கம் திருப்பப் போனாள். அவர் தலையை ஆட்டினார்.

“நிழல் வேணாம். நேரா எடு.”

அவர் நேராக நின்றார். இறங்கிய கன்னம், மூடாத கண், காதிலிருந்து கழுத்துவரை தையல் தடம், எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொடுத்துவிட்டு நின்றார். மோவாயைத் தூக்குங்கள் என்று அவள் சொல்லவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்ததும், லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாமியார் மருமகள் கதையை அவர் ஆரம்பித்தார். பாதிச் சொல் காற்றாகப் போனது. எத்தனையோ தடவை கேட்ட கதை என்பதால் விட்ட சொல்லை அவளே நிரப்பிக்கொண்டாள். கதை முடியப்போகிற இடத்தில் வலது கன்னம் ஏறியது. கண் சுருங்கியது. இடது பக்கம் ஏற முயன்றது, அவ்வளவுதான். சத்தம் இன்னும் வரவில்லை.

அழுத்தினாள்.

“வந்துச்சா?” என்றார்.

“வந்துச்சுங்க.”

“பாத்துதானே சொல்றே?”

“பாத்துதான் சொல்றேன்.”

*

அவர் போன பிறகு சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று பேச்சு வந்தது. கிடங்குச் சுவர்ப் படத்தைத்தான் எல்லோரும் சொன்னார்கள். கண்காட்சிக்குப் போன படம், ராஜா மாதிரி இருக்கிறார் என்றார்கள். நாத்தனார் மட்டும் எந்தப் படத்தையும் சொல்லவில்லை. “உனக்கு எது அவனோ அதை மாட்டும்மா” என்றார்.

கண்ணாடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினாள். கயிற்றில் பஸ் நிறுத்தத்துப் படத்தைத் தொங்கவிட்டுவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

கீழே கடையில் யாரோ ஃபிரேமுக்குக் கண்ணாடி வெட்டுகிற சத்தம் கேட்டது. டீச்சர் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அவர்தான் முதலில் பேசினார். “நல்லா இருக்கும்மா.”

“ஆமா, நல்லா இருக்கு” என்றார் இன்னொருவர்.

“ரொம்ப நல்லா இருக்கு.”

அவள் அதுவரை அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுதாள். சட்டத்தை மீறி எழுந்துவிட்டாள்.

“நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. அவர் முகத்துல ஒவ்வொண்ணா நீங்க சொன்னீங்களே, உதடு, கண்ணு, நெத்தின்னு. எல்லாம் சரியாத்தானே சொன்னீங்க? ஒண்ணுகூடத் தப்பாச் சொல்லலையே? இப்ப மட்டும் ஏன் பொய் சொல்றீங்க? செத்த படத்துக்குச் சொல்றதை அவருக்குச் சொல்லாதீங்க.”

டீச்சர் முகத்தை மூடிக்கொண்டார். கத்தரி எழுந்தார். படத்துக்கு நேரே போய் நின்றார். அவர் முதுகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. திரும்பாமலே பேசினார். குரல் வழக்கமான கறாரோடு வரப் பார்த்தது, வரவில்லை.

“ரெண்டு பக்கமும் வெளிச்சம் இருக்கு. ரெண்டு கண்ணுலயும் புள்ளி இருக்கு. சிரிக்கப் போறார்னு தெரியுது.” நிறுத்தினார். “பின்னாடி கம்பம் இருக்கும்மா. இடது காதுக்கு மேல, தலையில இருந்து முளைச்ச மாதிரி நிக்குது.”

அவள் பார்த்தாள். இருந்தது. அதே பஸ் நிறுத்தம், அதே விளக்குக் கம்பம். முதல் நாள் செய்த அதே தப்பு. இந்தத் தடவையும் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

இப்போது அவள் ஒரு சொல் சொல்ல வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள். உதடு அந்தச் சொல்லுக்குத்தான் திறந்தது.

“பாக்கலை” என்றாள். “நான் பாக்கலை.”

கம்பத்தைச் சொல்கிறாள் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கத்தரி படத்தைக் கீழே எடுத்துப்போனார். அட்டை வெட்டுகிற மேஜையில் விரித்து, ஸ்கேலை எடுத்து, பழக்கத்தில் படத்தின் ஓரத்தில் வைத்தார். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

“கம்பத்தை எடுத்துடலாமா?”

அவள் ஸ்கேல் இருந்த இடத்தைப் பார்த்தாள். கம்பம் போக வேண்டுமானால் காதும் போகும், இடது கன்னமும் போகும். இறங்கின பக்கம் முழுக்கப் போய், சிரிக்கிற பக்கம் மட்டும் மிஞ்சும்.

“வேணாம். இருக்கட்டும்” என்றாள்.

கத்தரி கத்தியை மடக்கி டிராயரில் வைத்தார். படத்தின் அளவுக்கே அட்டையை எடுத்தார்.